எண்ணெயின் அடர்த்தியை அளப்பது எப்படி? தராசை நம்புங்கள், ஜாடியைச் சந்தேகப்படுங்கள்

"அடர்த்தி என்றால் என்ன?" என்று கேட்டால் "நிறை வகுத்தல் பருமன் சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லிவிடும். அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம். "தண்ணீர், தேங்காய் எண்ணெய், இரண்டில் எதற்கு அடர்த்தி அதிகம்?" பாதிப் பேர் எண்ணெய் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெதுவாக ஒழுகும் எதையும் நாம் "கெட்டி" என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். கெட்டியான பால், கெட்டியான குழம்பு, கெட்டியான எண்ணெய். ஆனால் ஒழுகுவதற்குக் காட்டும் தயக்கம் பாகுநிலை. அது வேறு கணக்கு. ஒரு மில்லிலிட்டருக்குள் எத்தனை கிராம் அடைந்திருக்கிறது என்பதே அடர்த்தி. ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பதைத் தினமும் பார்க்கிறோமே, விடை அங்கேயே இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ முதல்முறையாக ஆய்வகத்துக்குள் வருபவர்களுக்கும், வீட்டில் பிள்ளைக்குச் செய்துகாட்ட நினைக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். இலங்கையில் படிப்பவர்கள் நிறை என்ற இடத்தில் திணிவு என்றும், பருமன் என்ற இடத்தில் கனவளவு என்றும் வைத்துப் படித்துக்கொள்ளலாம். அளக்கப்போகும் திரவம் தேங்காய் எண்ணெய். விலை சற்றுக் கூடத்தான், ஆனால் எல்லார் வீட்டிலும் இருக்கும். 30 டிகிரி செல்சியஸில் அதன் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.91 கிராமை ஒட்டி வரும். மார்கழிக் காலையில் உறைந்துபோன எண்ணெயை மட்டும் எடுத்து வராதீர்கள். முழுவதும் உருகித் தெளிந்து, அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே அளக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தச் சோதனையில் தப்பு வருவது பெரும்பாலும் நிறையில் இல்லை, பருமனில். இப்போதைய எலக்ட்ரானிக் தராசு 0.1 கிராம் வரை சுலபமாகச் சொல்லிவிடும். கொஞ்சம் நல்ல தராசு 0.01 கிராம் வரை போகும். 100 மி.லி. அளவுஜாடியிலோ ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 1 மி.லி. இருக்கிறது. கண்ணால் அரைக் கோடு வரை மதிப்பிடலாம், அவ்வளவுதான். 20 மி.லி. ஊற்றி அதில் அரை மி.லி. பிசகினால் 2.5 சதவீதப் பிழை. 80 மி.லி. ஊற்றினால் அதே அரை மி.லி. 0.6 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஆகவே ஜாடி கொள்ளும் அளவுக்குத் தாராளமாக ஊற்றுங்கள்.

முதல் வழி: ஜாடியும் தராசும்

தராசைச் சமதளத்தில் வையுங்கள். நீர்க்குமிழி மட்டம் இருந்தால் குமிழி வட்டத்தின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மின்விசிறியை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் வகுப்பு முணுமுணுக்கும், பரவாயில்லை. விசிறி ஓடும்போது 0.01 கிராம் தராசின் கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது.

ஜாடி உள்ளும் புறமும் உலர்ந்திருக்க வேண்டும். காலியாக வைத்து நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் பூஜ்யமாக்கும் பொத்தான் இருக்கும், அதை இப்போது தொட வேண்டாம். ஜாடியின் நிறை பிறகு நமக்கு ஒரு சாட்சியாகத் தேவைப்படும்.

எண்ணெயை ஜாடியின் சுவரில் படாமல் நடுவில் ஊற்றுங்கள். சுவரில் வழிந்த எண்ணெய் நிறையில் சேர்ந்துவிடும், பருமனில் சேராது. முதல் அளவு 20 மி.லி. என்று வைத்துக்கொள்வோம், பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். 18, 19 மி.லி. வரை ஊற்றிவிட்டு மீதியை பில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டால் 20-இல் நிறுத்துவது எளிது. உண்மையில் 20-லேயே நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 21.5-இல் நின்றால் 21.5 என்றே எழுதலாம். முழு எண்ணாக வரவில்லையே என்று ஊற்றியும் உறிஞ்சியும் பத்து நிமிடத்தைக் கழிக்கிறவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

பிறகு அளவைப் படிக்க வேண்டும். திரவத்தின் மேற்பரப்பு கண்ணாடியோரம் ஏறி, நடுவில் குழிந்து ஒரு பிறைபோல இருக்கும். அந்தப் பிறைத்தளத்தின் அடிப்பகுதி எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுவே அளவு. ஜாடியைக் கையில் தூக்கிப் பிடிக்காதீர்கள், சாய்ந்துவிடும். மேசையில் வைத்துவிட்டு நீங்கள் குனியுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் எண்ணெயின் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

இந்தக் குனிவதில் ஒரு கதை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலேயே உயரமான பையன் ஒருவன் ரஃப் நோட்டோடு வந்தான். முகத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்ட களை. "சார், எண்ணெய் கூடக்கூட அடர்த்தியும் கூடுது!" நோட்டை வாங்கிப் பார்த்தேன். காலி ஜாடி 112.4 கிராம். 20 மி.லி. எண்ணெயோடு 129.8. 40-க்கு 148.2. 60-க்கு 166.3. 80-க்கு 184.7. ஜாடியைக் கழித்து வகுத்தால் 0.870, 0.895, 0.898, 0.904. அவன் சொன்னது சரிதான், ஏறிக்கொண்டே போகிறது.

ஒரு பொருளின் அடர்த்தி அதன் அளவைப் பொறுத்து மாறாது என்று பாடத்தில் படித்தவன்தான் அவன். ஆனாலும் கண்ணெதிரே எண்கள் ஏறும்போது என்ன செய்வான்? "வகுக்காதே, கழித்துப் பார்" என்றேன். 20-இலிருந்து 40-க்குப் போக 18.4 கிராம் கூடியிருக்கிறது. 40-இலிருந்து 60-க்கு 18.1. அடுத்து 18.4. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றே. 20-இலிருந்து 80 வரை மொத்தம் 54.9 கிராம், 60 மி.லி. வகுத்தால் 0.915. எண்ணெய் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. நான்கு அளவுகளிலும் ஒரே மாதிரியான ஏதோ ஒரு பிசகு ஒட்டிக்கொண்டிருந்தது.

என்ன பிசகு என்று தெரிந்துகொள்ள, இன்னொரு தடவை அளந்துகாட்டச் சொன்னேன். நின்றபடியே, தலையை மட்டும் லேசாகக் கவிழ்த்துப் பார்த்தான். கோடுகள் ஜாடியின் முன்சுவரில் இருக்கின்றன. பிறைத்தளத்தின் அடி ஜாடியின் நடுவில் இருக்கிறது. மேலிருந்து சரிவாகப் பார்த்தால் பார்வைக்கோடு முன்சுவரைச் சற்று உயரத்தில் கடக்கும். 19 இருக்கும் இடத்தில் 20 என்று தெரியும். பாடநூலில் இடமாறு தோற்றப் பிழை என்று ஒரு வரியில் வரும் சங்கதி இதுதான். ஒவ்வொரு தடவையும் 1 மி.லி. கூடுதலாகப் படித்திருக்கிறான். 20-இல் அந்த 1 மி.லி. பெரிய அடி, 80-இல் சின்ன அடி. அதனால்தான் அந்த ஏற்றம்.

அன்றிலிருந்து யார் செய்தாலும் குறைந்தது நான்கு அளவுகள் எடுக்கச் சொல்கிறேன். கிடைமட்ட அச்சில் பருமன், செங்குத்து அச்சில் ஜாடியோடு சேர்ந்த நிறை. புள்ளிகளை வைத்து, நடுவே போகும்படி நேர்கோடு வரையுங்கள். கோட்டின் சாய்வுதான் அடர்த்தி. கோட்டைப் பின்னால் நீட்டினால் செங்குத்து அச்சை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். பருமன் பூஜ்யமாக இருக்கும்போது தராசில் காலி ஜாடி மட்டும்தானே இருக்கும்? அந்தப் பையனின் கோடு 111.5 அருகே வெட்டியது. ஜாடியோ 112.4. முதலில் பூஜ்யமாக்கும் பொத்தானைத் தொட வேண்டாம் என்றது இதற்காகத்தான். ஜாடியின் நிறையும் கோடு வெட்டும் இடமும் ஒத்துப்போனால் நீங்கள் படித்தது சரி. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு நிலையான பிழை ஒளிந்திருக்கிறது. அப்போதும் சாய்வு பெரும்பாலும் தப்பித்துவிடும். ஒரே ஒரு அளவை எடுத்து வகுத்திருந்தால் 0.870 என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான்.

கால்குலேட்டர் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் நீட்டினாலும் மூன்றுக்கு மேல் எழுத வேண்டாம். இந்த ஜாடியை வைத்துக்கொண்டு மூன்றாவது இலக்கத்தைச் சொல்வதே கொஞ்சம் துணிச்சல். கிராம்/மி.லி. என்பதும் கிராம்/செ.மீ³ என்பதும் ஒன்றுதான். கிலோகிராம்/மீ³ வேண்டும் என்றால் 1000-ஆல் பெருக்குங்கள்: 915.

இரண்டாம் வழி: ஒப்படர்த்திக் குடுவை

ஜாடியை நம்ப முடியவில்லை என்றால், பருமனை அளக்கும் வேலையையே தராசிடம் கொடுத்துவிடலாம். ஒப்படர்த்திக் குடுவையின் சூட்சுமம் இதுதான். பார்ப்பதற்குச் சின்ன அத்தர்ப் புட்டிபோல இருக்கும், பெரும்பாலும் 25 அல்லது 50 மி.லி. அதன் கண்ணாடி மூடியின் நடுவில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை போன்ற ஒரு துளை உண்டு. குடுவையை விளிம்புவரை நிரப்பி மூடியைச் செருகினால் மிஞ்சிய திரவம் துளை வழியே வெளியேறும். ஒவ்வொரு முறையும் அதே பருமன்தான் உள்ளே நிற்கும். கோடு பார்க்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம்.

மூன்றே எடைகள்: காலியாக, எண்ணெயோடு, தண்ணீரோடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். தண்ணீரை முதலில் நிரப்பினால், எண்ணெய்க்குப் போகும் முன் குடுவையைச் சொட்டுகூட இல்லாமல் உலர்த்த வேண்டும். குறுகிய கழுத்துள்ள குடுவையில் அது லேசில் ஆகாது. எண்ணெயை முதலில் எடைபோட்டுவிட்டுச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, நன்றாக அலசி, குடுவை பழைய சூட்டுக்குத் திரும்பியதும் அப்படியே தண்ணீரை நிரப்பிவிடலாம். உள்ளே நாலு சொட்டுத் தண்ணீர் இருந்தால் என்ன, நிரப்பப்போவதும் தண்ணீர்தானே. உப்புக்கரைசலை அளப்பதாக இருந்தால் இன்னும் சுலபம். தண்ணீர் முதலில், பிறகு அதே கரைசலால் இரண்டு முறை அலசிக் கொட்டிவிட்டு நிரப்புங்கள்.

என் மேசையில் எடுத்த ஒரு கணக்கு. காலிக் குடுவை 21.36 கிராம். எண்ணெயோடு 44.22. தண்ணீரோடு 46.28. அதாவது எண்ணெய் மட்டும் 22.86, தண்ணீர் மட்டும் 24.92. இரண்டும் ஒரே இடத்தை நிரப்பியவை. ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.917. இது ஒப்படர்த்தி, இதற்கு அலகு இல்லை. அடர்த்தி வேண்டுமென்றால் அன்றைய வெப்பநிலையில் தண்ணீரின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். தண்ணீருக்கு 1 என்று போடுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் அது 4 டிகிரிக்கு உரியது. நம் ஊர் ஆய்வகத்தில் 30 டிகிரி என்றால் 0.9957. பெருக்கினால் 0.913.

எடைபோடும் முன் குடுவையின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். துளையின் வாயில் துணியை அழுத்தாதீர்கள், உள்ளேயிருக்கும் திரவத்தையும் உறிஞ்சிவிடும். குடுவையை உள்ளங்கையில் பொதித்துப் பிடிப்பதும் கூடாது, கழுத்தைப் பிடியுங்கள். கைச்சூட்டில் எண்ணெய் 5 டிகிரி ஏறினால் 25 மி.லி. குடுவையிலிருந்து ஏறக்குறைய 0.08 கிராம் துளை வழியே கசிந்துவிடும். 0.01 கிராம் தராசின் கடைசி இலக்கம் எட்டு படி நகர்ந்ததுபோல. அப்புறம் குமிழி. மூடியைச் செருகியதும் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்தருகே பாருங்கள். கடுகளவு குமிழி தெரிந்தாலும் மூடியை எடுத்து, இரண்டு சொட்டு விட்டு, மறுபடி செருகுங்கள்.

மூன்றாம் வழி: மிதக்கவிட்டுப் பார்ப்பது

தராசே இல்லாமலும் அடர்த்தியை அளக்கலாம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்கும். அடர்த்தி குறைந்த திரவத்தில் அதே எடையை விலக்க அதிக ஆழம் இறங்க வேண்டும். திரவத்தில் மிதக்கவிட்டு, தண்டில் உள்ள எண்ணைப் படிக்கும் நீர்மமானியும், பாலுக்கென்றே உள்ள பால்மானியும் வேலை செய்வது இப்படித்தான். தண்டில் எண்கள் மேலே சிறியதாகவும் கீழே பெரியதாகவும் இருப்பது புதியவர்களைக் குழப்பும். நிறைய முங்கினால் லேசான திரவம் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் போய்விடும்.

வீட்டில் செய்ய ஒரு சோதனைக்குழாய் போதும். உள்ளே சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, குழாய் நிமிர்ந்து மிதக்கும்வரை கூட்டுங்கள். உட்புறம் ஒரு துண்டு கிராஃப் தாளைச் சுருட்டி வைத்தால் அளவுகோல் தயார். தண்ணீரில் 10 செ.மீ. முங்கினால் தேங்காய் எண்ணெயில் 10.9 செ.மீ. அருகே முங்கும். தண்ணீரில் முங்கிய ஆழத்தை எண்ணெயில் முங்கிய ஆழத்தால் வகுத்தால் ஒப்படர்த்தி. குழாயின் அடி உருண்டையாக இருப்பதால் சின்னப் பிழை வரும், அது தெரிந்ததே. ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவில் இதைச் செய்யும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஸ்ட்ரா மெல்லியது, அதன் எடைக்கு முன்னால் பரப்பு இழுவிசை பிடித்து இழுப்பது அலட்சியப்படுத்தும் அளவில் இருக்காது, அதுவும் தண்ணீரில் ஒரு மாதிரி, எண்ணெயில் ஒரு மாதிரி. அகலமான குழாயில் அந்தத் தொந்தரவு குறைவு.

கடையில் வாங்கிய நீர்மமானி என்றால் அகலமான ஜாடியில், சுவரைத் தொடாமல் மிதக்கவிடுங்கள். விரலால் லேசாக ஒரு சுழற்று சுழற்றினால் ஒட்டிய குமிழிகள் உதிர்ந்துவிடும். தண்டோரம் ஏறியிருக்கும் திரவத்தைப் பார்க்காமல், பரந்த மேற்பரப்பின் மட்டத்தில் படியுங்கள். உள்ளே இருக்கும் தாளில் 15 அல்லது 27 என்று ஒரு வெப்பநிலை அச்சிட்டிருக்கும். எண்கள் சரியாக இருப்பது அந்த வெப்பநிலையில்தான்.

இந்தக் கருவியை நம் ஊரில் எத்தனையோ பேர் தினமும் கையாளுகிறார்கள். உப்பளத்தில் "எத்தனை டிகிரி?" என்று கேட்டால் அது சூட்டைப் பற்றிய கேள்வி இல்லை, போமே (Baumé) என்ற அளவுமுறையில் உப்புநீரின் அடர்த்தி. 25 டிகிரியை ஒட்டித்தான் உப்பு படியத் தொடங்கும். நம் அலகில் அது சுமார் 1.21. பால் வாங்கும் இடத்தில் பால்மானி 28 காட்டினால் 1.028 என்று பொருள். அதை மட்டும் நம்பினால் ஏமாறலாம். தண்ணீர் கலந்தால் அடர்த்தி இறங்கும், பாலேட்டை எடுத்தால் அடர்த்தி ஏறும். ஏட்டை எடுத்துவிட்டுத் தண்ணீரையும் ஊற்றினால் கருவி நல்ல பால் என்றே சொல்லும். பெட்ரோல் பங்கிலும் விநியோக எந்திரத்தில் அடர்த்தி என்று ஒரு எண் தெரியும். 15 டிகிரியில் அது 720 முதல் 775 கிலோகிராம்/மீ³ வரை இருக்க வேண்டும். 33 டிகிரி வெயிலில் நேரடியாக அளந்தால் ஏறக்குறைய 15 குறைவாக வரும். கலப்படம் என்று உடனே சண்டைக்குப் போகாமல், பங்கில் வைத்திருக்கும் மாற்று அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

யூ குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழாயின் ஒரு பக்கத்தில் தண்ணீர், மறுபக்கத்தில் எண்ணெய் ஊற்றினால் இரண்டும் சந்திக்கும் எல்லை ஒன்று தெரியும். இரண்டு உயரங்களையும் அந்த எல்லையின் மட்டத்திலிருந்தே அளக்க வேண்டும், குழாயின் அடியிலிருந்து இல்லை. தண்ணீர் 11.0 செ.மீ., எண்ணெய் 12.0 செ.மீ. என்றால் முன்னதைப் பின்னதால் வகுக்க ஒப்படர்த்தி 0.917. தண்ணீரோடு கலக்கும் உப்புக்கரைசலுக்கு இது ஆகாது. அதற்கு, இரு திரவங்களும் தனித்தனி முகவையிலிருந்து மேலே உறிஞ்சப்படும் ஹேர் கருவி வேண்டும்.

வேலை முடிந்ததும் கழுவும்போது கவனம். ஒப்படர்த்திக் குடுவையிலும் அதன் மூடியிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். எல்லா மூடிகளையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவிவிட்டு, கைக்கு வந்ததை வந்த குடுவையில் செருகிவிடுவது வழக்கமாக நடப்பது. மூடி மாறினால் அது இறங்கும் ஆழம் மாறும், உள்ளே நிற்கும் பருமனும் மாறும். நீங்கள் காலியாக ஒரு மூடியோடும், எண்ணெயோடு இன்னொரு மூடியோடும் எடைபோட்டால் எந்தக் கணக்கும் உதவாது. எண்ணைப் பார்த்து ஜோடி சேர்த்து வையுங்கள். காயும்வரை மூடியைச் செருகாமல் பக்கத்தில் வைத்துவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கோடு செருகினால் அடுத்த வகுப்பில் யாராலும் அதைத் திறக்க முடியாது.